மதில் எழுந்தது, கூலி எங்கே?

வீட்டிலே ஒரு செம்பு களவு போனால் தெருவையே கூட்டிவிடுகிறோம். கதையிலே ஒருவன் கருவூலத்தையே கொள்ளையிட்டால் கை தட்டி மகிழ்கிறோம்! கையும் களவுமாகப் பிடிபட்டவனைத் தூணிலே கட்டி வைத்து அடிக்கும் அதே ஊர், திரையிலே காவலரிடமிருந்து தப்பியோடும் கள்வனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதனை முரண்பாடு என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால், முரண்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பகுத்தறிவுக்கு வேலையும் இருக்கிறது.

கெட்டிக்காரக் கள்வனை நாம் ஏன் விரும்புகிறோம்? விரும்புவது சரிதானா? இந்தக் கேள்வி நமக்கு நூலகத்துத் தனிமையிலே பிறக்கவில்லை. நண்பர்கள் கூடிய அவையிலே பிறந்தது. பிறந்த கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு வாதத்துக்கு வருவோம்.

திருச்சியிலே நம் படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்களுக்கு ஒரு முறை, ஞாயிறு மாலையில் கூடுவோம். எல்லோரும் முன்பே படித்து மகிழ்ந்த ஒரு நூலை மீண்டும் சேர்ந்து படிப்போம். புது நூலைத்தான் படிக்கவேண்டும் என்பாரும் உண்டு. ஆனால், முதல் முறை படிக்கும்போது, அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நின்று பார்க்க விடுவதில்லை. இரண்டாம் முறை முடிவு தெரிந்துவிட்டது. ஆகவே ஓடவேண்டியதில்லை. வழியிலே யார் நிற்கிறார்கள், யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. அதுவும் பத்துப் பேர் சேர்ந்து படித்தால் இருபது கண்கள்! ஒருவர் காணாததை மற்றொருவர் காண்பார்.

அப்படி ஒரு மாலை, புதிதாகக் கட்டிய அறையிலே, சுவரின் பூச்சு மணம் இன்னும் போகாத நிலையிலே கூடினோம். எடுத்துக்கொண்ட நூல் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் அவர்களின் 'மலைக்கள்ளன்'. கவிஞர் இந்தத் திருச்சியிலே பயின்றவர் என்பதில் நம் தோழர்களுக்கு ஒரு பெருமை. 1954ஆம் ஆண்டில் இக்கதை படமாக வந்தது, எம்.ஜி.ஆர். நடித்தார், கலைஞர் உரையாடல் தீட்டினார், குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. அடுத்த ஆண்டே 'ஆசாத்' என்ற பெயரில் இந்திக்கும் போயிற்று. தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளும் அந்த மலைக்கள்ளனைத் தத்தம் வேடமிட்டு வரவேற்றன. மொழி எதுவானாலும் கெட்டிக்காரக் கள்வனுக்குக் கதவு திறந்தேயிருக்கிறது!

ஏன்? நம் அவையிலே இதற்கு விடை எளிதாகவே கிடைத்தது. அந்தக் கதையிலே மலைக்கள்ளன் என்றாலே ஊர் நடுங்குகிறது. ஆனால், உண்மையான கொள்ளைக்காரர்கள் மலையிலே இல்லை. ஊருக்குள்ளே, பெரிய மனிதர்களின் நிழலிலே இருக்கிறார்கள். சட்டம் தேடுவது ஒருவனை. குற்றம் செய்வது மற்றொருவன். இந்த நிலையிலே சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுகிறவன் மீது நமக்குச் சினம் வரவில்லை, அன்பு வருகிறது. பூட்டுகளையெல்லாம் வலியவர்களே செய்து மாட்டிவிட்ட உலகத்தில், எளியவனிடம் மிச்சம் இருப்பது மூளை ஒன்றுதான். அந்த மூளை ஒரு பூட்டைத் திறக்கும்போது, 'நம்மாலும் முடியும்' என்ற மகிழ்ச்சி நெஞ்சிலே பிறக்கிறது. இது கீழான மகிழ்ச்சியன்று. இதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டியதில்லை.

இவ்வளவோடு அவை கலைந்திருக்கும். திருவரங்கத்திலிருந்து வரும் தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "உங்கள் மலைக்கள்ளன் நேற்றுப் பிறந்தவன். எங்கள் ஊரிலே இவனுக்கெல்லாம் பாட்டன் இருக்கிறார். ஆண்டுதோறும் அவருடைய கொள்ளையை விழாவாகவே நடத்துகிறோம்!" என்றார்.

அவர் சொன்னது திருமங்கை ஆழ்வாரின் கதை. வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்தில், எட்டாம் நாள், திருவரங்கத்துக் கோயிலின் மணல்வெளியிலே 'வேடுபரி' நடக்கிறது. தங்கக் குதிரையிலே பெருமாள் வருவார், ஆழ்வார் வழிமறிப்பார், நகைகள் பறிபோகும், பெரும் கூட்டம் கண்டு களிக்கும். கதையை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. இருந்தும் தோழர் சொல்லச் சொல்ல, மீண்டும் ஒரு முறை கேட்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது.

கேளுங்கள். ஆலிநாட்டுத் தலைவன் நீலன். குமுதவல்லியை மணக்க விரும்புகிறான். நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியாருக்கு ஓராண்டு சோறு இடவேண்டும் என்பது அவள் இட்ட நிபந்தனைகளில் ஒன்று. இட்டான், கைப்பொருள் கரைந்தது, அரசனுக்குக் கட்டவேண்டிய வரியும் கரைந்தது, வழிப்பறியில் இறங்கினான். அவனோடு நால்வர். ஒருவன் நீர்மேல் நடப்பான். ஒருவன் நிழலில் ஒதுங்கி மறைவான். ஒருவன் வாயால் ஊதியே தாழைத் திறப்பான்; அவன் பெயர் தாளூதுவான். நான்காமவன் தோலாவழக்கன், எந்த வாதத்திலும் தோற்காதவன். இந்த நால்வரைக் கேட்டதும் நம் இளந்தோழர்களின் கண்கள் விரிந்தன. இன்றைய மாயக்கதை ஆசிரியர் எவரும் இதைவிட நல்ல கூட்டத்தைப் படைத்துவிட முடியாது!

வழிப்பறியின்போது கடவுளையே மறித்து, மந்திரம் பெற்று, அடியாராகிறான் நீலன். கதை அங்கே முடியவில்லை. அரங்கனுக்குத் திருப்பணி செய்ய வேண்டும்; பணம் வேண்டும். நாகப்பட்டினத்திலே புத்தர் கோயில். உள்ளே பொன்னாலான சிலை. கோயிலை அமைத்த சிற்பி கடல் கடந்த தீவிலே வாழ்கிறான். அங்கே போய், 'நாகையிலே பொற்சிலை பறிபோயிற்றே!' என்று பொய்யாகப் புலம்புகிறார்கள். சிற்பி பதறி, 'அந்தச் சுழற்பொறியை எப்படி நிறுத்தினான்?' என்று தானே உளறி, வழியையும் சொல்லிவிடுகிறான். திரும்பும் கப்பலிலே பாக்கு மூட்டைகள். ஒரு பாக்கை இரண்டாகப் பிளந்து, 'கப்பலிலுள்ள பாக்கிலே பாதி உம்முடையது' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்; கரை சேர்ந்ததும் சரக்கிலே பாதியைக் கேட்கிறார்கள்! வாழைத்தண்டைக் கொடுத்துப் பொறி நிறுத்தப்படுகிறது. சிலை கைக்கு வருகிறது. திருக்கண்ணங்குடியிலே ஒரு புளியமரத்தடியில் புதைத்துவிட்டு, மரத்தைக் காவல் காக்கச் சொல்கிறார்கள்; அதுவே 'உறங்காப் புளி'. மறுநாள் நிலத்துக்காரன் வந்து நிலம் தன்னுடையது என்கிறான். வழக்கு தீரவே இல்லை. அதனால் அந்த ஊருக்குத் 'தீரா வழக்கு' என்றும் பெயர் நின்றுவிட்டது. பறிகொடுத்தவர்கள் தேடி வந்து கேட்டபோது, சுண்டுவிரலும் தருகிறோம் என்று சொல்லி, கடைசியில் சுண்டுவிரலை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள் என்றும் சொல்வர்.

நாம் சிரித்தோம். வாய்விட்டுச் சிரித்தோம். பாக்கைப் பிளந்த இடத்திலே கை தட்டினோம். பொன் உருகி மதிலாக எழுந்தது என்று கதை முடிந்ததும், 'ஆகா!' என்றோம். திருவரங்கத்தின் ஏழு சுற்றுகளில் நான்காவது, ஆலிநாடன் திருவீதி என்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

"இன்னும் முடியவில்லை" என்றார் தோழர். அவருடைய குரல் சற்றே தாழ்ந்தது.

மதில் முடிந்தபோது பணமும் முடிந்துவிட்டது. கல் சுமந்தவர்களும் சுவர் எழுப்பியவர்களும் கூலி கேட்டார்கள். ஆழ்வாரிடம் பொருள் இல்லை. 'ஆற்றுக்கு அக்கரையிலே பொருள் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி, எல்லோரையும் படகிலே ஏற்றினார்கள். நடு ஆற்றிலே படகு கவிழ்க்கப்பட்டது. நீர்மேல் நடப்பவன் நடந்து கரையேறினான். நடக்கத் தெரியாதவர்கள் மூழ்கினார்கள். சுற்றத்தார் வந்து அழுதபோது, மாண்டவர்களே வைகுண்டத்திலிருந்து பேசி, 'நாங்கள் நலமாயிருக்கிறோம்' என்றார்களாம். கூலியைவிடப் பெரிய கூலி கிடைத்துவிட்டதாம்! கொன்ற இடமாதலால் அந்த ஆறு கொள்ளிடமாயிற்று என்று ஒரு பேச்சும் உண்டு.

அறையிலே சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது, பின் வரிசையிலே உட்கார்ந்திருந்த ஒரு தோழர், கட்டட வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"படகிலே எத்தனை பேர் இருந்தார்கள்?"

யாருக்கும் தெரியவில்லை. கதை சொன்னவருக்கும் தெரியவில்லை, கதைக்கே தெரியவில்லை! பாக்கைப் பிளந்ததைச் சொன்ன கதை, புளியமரத்துக்குப் பெயர் வைத்த கதை, தாழை ஊதித் திறந்தவனின் பெயரைக்கூட மறவாத கதை, படகிலே இருந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பகுத்தறிவாளர்கள் வசதிக்காகக் கதையை வரலாறாக்கிக்கொள்ளக் கூடாது. திருமங்கை ஆழ்வாரை அறிஞர்கள் 8ஆம் நூற்றாண்டினர் என்பர். இக்கதைகளோ பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த குருபரம்பரை நூல்களிலும் கோயில் வரலாற்றிலும் காணப்படுகின்றன. நாகையின் புகழ்பெற்ற சூடாமணி விகாரம், இராசராச சோழன் காலத்திலே ஸ்ரீவிசய அரசர் எடுப்பித்தது. ஆழ்வாரின் காலத்துக்கு நெடுநாள் பிந்தியது. அதற்கு முன்பும் அங்கே பௌத்தர்கள் இருந்தார்கள் என்பது வேறு செய்தி. கொள்ளிடம் என்ற சொல்லுக்கும் கொலை வேண்டியதில்லை. காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே இயல்பான பொருள். ஆகவே, பாடல்களை இயற்றிய அந்தக் கவிஞர் மீது நாம் கொலைப்பழி சுமத்தவில்லை. படகு உண்மையிலே கவிழ்ந்ததா என்பதும் நம் கேள்வியன்று. ஒரு சமுதாயம் இந்தக் கதையைச் சொல்லி, கேட்டு, தலையசைத்து, மீண்டும் சொல்லி வந்திருக்கிறதே, அந்தத் தலையசைப்பைப் பற்றியதே நம் கேள்வி!

கதையைக் காப்பவர்கள் இரண்டு விடை சொல்வார்கள். முதல் விடை: அவர் தமக்காகத் திருடவில்லை, உயர்ந்த நோக்கத்துக்காகத் திருடினார். இரண்டாம் விடை: மாண்டவர்கள் இழந்தது கூலி, பெற்றதோ வீடுபேறு, ஆகவே இழப்பே இல்லை.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். பேரம் என்றால் இரு தரப்பும் இசைய வேண்டும். கூலி வேண்டாம், வைகுண்டம் போதும் என்று அந்தத் தொழிலாளர் கேட்டார்களா? அவர்கள் கேட்டது அரிசி வாங்கும் பணம். வீட்டிலே அடுப்பு காத்திருந்தது. அவர்களைக் கேளாமலே அவர்களுக்கு எது நல்லது என்று ஒருவர் முடிவு செய்தார். அந்த முடிவு அவருடைய கடனைத் தீர்க்கும் முடிவாகவும் இருந்தது! கொடுக்க வேண்டியவன், 'உனக்கு இதைவிட மேலானதைத் தந்துவிட்டேன்' என்று சொல்லும்போது எச்சரிக்கையாக இருங்கள். கடன் தீர்க்கும் முறைகளிலே அதைவிட மலிவானது வேறில்லை. அதிலும், மேலானது கிடைத்ததற்குச் சான்று சொல்ல இறந்தவர்களையே அழைத்து வருகிறது கதை. உயிரோடிருந்தபோது கூலி கேட்ட வாய்கள், இறந்த பின் நன்றி மட்டும் சொல்கின்றன. எந்த நீதிமன்றம் இந்தச் சாட்சியை ஏற்கும்?

முதல் விடை இதைவிட வலுவானது. ஏனென்றால் அதை நாமும் நம்புகிறோம். நோக்கம் நல்லதானால் வழி எதுவாயினும் சரி என்பது ஆத்திகர்கள் மட்டும் பேசும் வாதமன்று; எல்லாக் கொடிகளின் கீழும் அது குடியிருக்கிறது. ஆகவே அதை மெதுவாக ஆராயவேண்டும்.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட பெருங்கதையிலே சான் வல்சான் ரொட்டி திருடினான். தமிழகம் அவனை 1950இல் 'ஏழை படும் பாடு' படத்திலே கண்டு கண்ணீர் விட்டது. உடன்பிறந்தாளின் பிள்ளைகள் பசித்திருந்தார்கள்; அவன் கண்ணாடியை உடைத்து ரொட்டியை எடுத்தான். அவனும் திருடன்தான். ஆனால், ரொட்டிக்காரனுக்கு ஒரு ரொட்டி போயிற்று. அதற்கான விலையைப் பத்தொன்பது ஆண்டு சிறையாகத் திருடனே கொடுத்தான். களவின் சுமை களவாடியவன் தோளிலே இருந்தது. மதிலின் கதையிலோ, சுமை வேறு தோள்களுக்கு மாற்றப்பட்டுவிட்டது. புகழ் தலைவனுக்கு, பொன் மதிலுக்கு, நீர் தொழிலாளிக்கு!

நம் சிலப்பதிகாரத்திலும் ஒரு கெட்டிக்காரக் கள்வன் இருக்கிறான். அவனை நாம் கள்வன் என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பொற்கொல்லன் என்றே சொல்கிறோம். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவன். களவு நூலின் நுட்பங்களையெல்லாம், மந்திரம் முதல் கருவி வரை, காவலருக்குச் சொற்பொழிவாகவே எடுத்துரைக்கிறான். என்ன திறமை! என்ன சொல்வன்மை! ஆனால், அந்தத் திறமையின் விலை கோவலனின் கழுத்து. இளங்கோ அந்தக் கெட்டிக்காரனை நாம் கண்டு களிக்க விடவில்லை. வெட்டுண்டவனின் மனைவியை அரசவைக்கு அழைத்து வந்து கணக்குக் கேட்க வைத்தார். கொள்ளிடத்துப் படகிலே மூழ்கியவர்களுக்கு ஒரு கண்ணகி வாய்க்கவில்லை. சுற்றத்தார் அழுதார்கள் என்கிறது கதை. அழுத உடனே ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறது.

நிழலில் மறைகிறவனை எண்ணும்போது கிரேக்கத்துப் பிளேட்டோ நினைவுக்கு வருகிறார். அணிந்தால் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் மோதிரம் ஒன்று ஒருவனுக்குக் கிடைத்தால், அவன் அப்போதும் நேர்மையாக இருப்பானா என்று அவருடைய நூலிலே கேட்கப்படுகிறது. நல்ல கேள்வி. ஆனால், உலகிலே பெரிய அநீதிகளுக்கு அப்படிப்பட்ட மோதிரம் தேவைப்படவில்லை. செய்கிறவன் மறைய வேண்டியதேயில்லை. பாதிக்கப்பட்டவனை மறைத்துவிட்டால் போதும்! படகிலிருந்தவர்களுக்குப் பெயரில்லை, எண்ணிக்கையில்லை. அவர்கள் கையிலே அல்லவா அந்த மோதிரம் மாட்டப்பட்டிருக்கிறது!

வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதோடு நில்லாமல், வினைத்தூய்மை என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். பெற்றவளின் பசியைக் கண்ணால் காணும் நேரத்திலும் சான்றோர் பழிக்கும் செயலில் இறங்காதே என்பது அங்கே அவர் தரும் அறிவுரை. கடுமையான சொல்தான். தாயின் பசிக்கே அந்த வரம்பு என்றால், மதிலின் உயரத்துக்கு என்ன வரம்பு? வல்சானை வள்ளுவர் மன்னித்திருப்பாரோ மாட்டாரோ, நாம் வாதாடலாம். படகைக் கவிழ்த்தவனை அவர் எந்த அதிகாரத்திலும் மன்னிக்க இடமில்லை.

பொற்சிலையைப் பறிகொடுத்தவர்களையும் நாம் மறக்கலாகாது. அதுவும் ஒரு மக்களின் அன்பு. அவர்களும் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர்களே. அவர்களுக்குச் சுண்டுவிரல் போதும் என்று சிரித்தது கதை. 1856ஆம் ஆண்டு தொடங்கி நாகை மண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்பட்டது. இடிக்க அனுமதி பெற்றவர்கள் நாகையிலே கல்லூரி நடத்திய இயேசு சபையார். அந்தக் கல்லூரிதான் 1883இல் திருச்சிக்கு வந்து, மலைக்கோட்டையின் பக்கத்திலே தூய வளனார் கல்லூரியாக நிற்கிறது. ஆயிரமாயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவு தந்தது. கதையிலே மதிலுக்காகப் போயிற்று. வரலாற்றிலே கல்லூரி நடத்திய கைகளால் போயிற்று. இரண்டும் செய்தவர்களின் கண்ணுக்கு நல்ல காரியங்கள். இழந்தவர்களைக் கேட்டவர் மட்டும் யாருமில்லை.

இப்படியெல்லாம் அன்று மாலை பேசினோம். நன்றாகவே பேசினோம். ஒருவர் பக்தியைச் சாடினார், ஒருவர் புராணிகரைச் சாடினார். நமக்கு நாமே நிறைவாக இருந்தது. பின் வரிசைத் தோழர் மட்டும் எதுவும் பேசவில்லை. அவருடைய கண் சுவரிலே இருந்தது. புதிய சுவர்; பூச்சு மணம் போகாத சுவர்.

அப்போதுதான் நம் பொருளாளரின் முகம் மாறியது. அந்த அறையைக் கட்டிய கொத்தனாருக்கும் இரண்டு சித்தாள்களுக்கும் நான்கு மாதமாகக் கூலியில் ஒரு பகுதி பாக்கி! அவர்களை அழைத்து வந்தவரே பின் வரிசைத் தோழர்தான். கேட்டபோதெல்லாம் நாம் என்ன சொன்னோம்? 'படிப்பகம் நம் எல்லோருக்கும் பொதுவல்லவா? உங்கள் பிள்ளைகள் படிக்கத்தானே கட்டுகிறோம்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றோம். பொய் சொல்லவில்லை, நெஞ்சார நம்பித்தான் சொன்னோம். அடுத்த திங்கள் ஆண்டு விழா. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தோரணத்துக்கும் முன்பணம் கொடுத்துவிட்டோம். கூலிக்கு மட்டும் அக்கரையைக் காட்டினோம்.

வைகுண்டம் என்று அவர்கள் சொன்னார்கள். வருங்காலம் என்று நாம் சொன்னோம். சொல் வேறு, படகு ஒன்றுதான்!

இரண்டுக்கும் இடையே மலையளவு வேற்றுமை இருக்கிறது என்பதை அறிவோம். நாம் யாரையும் மூழ்கடிக்கவில்லை. ஆனால், வேற்றுமை அளவிலேதான்; வகையிலே இல்லை. நல்ல காரியத்தின் செலவை, அதைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவனின் தலையிலே, அவனைக் கேளாமலே இறக்கி வைப்பது எதுவோ, அதுவே அங்கும் நடந்தது, இங்கும் நடந்தது. ஊரார் கதையிலே அதைக் கண்டுபிடிக்கும் பகுத்தறிவு, தன் கணக்கேட்டிலே அதைக் கண்டுபிடிக்காவிட்டால், அது அறிவன்று, பொழுதுபோக்கு.

அன்றே முடிவு செய்தோம். விழா சிறிதாகட்டும். பந்தல் வேண்டாம், அறைக்குள்ளேயே நடக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், தொண்டை இருக்கிறது. சிலருக்கு வருத்தம், ஊரிலே நம் மதிப்பு குறையுமே என்றார்கள். குறையட்டும் என்றோம். மறுநாள் காலை பாக்கியை எடுத்துக்கொண்டு மூவர் போனோம். கொத்தனார் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். அந்தக் கும்பிடு நம்மைச் சுட்டது. சித்தாள் வேலை செய்த அம்மையார் நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். "இப்போதாவது வந்ததே" என்றார். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? அது அவருடைய பணம்!

இனிக் கெட்டிக்காரக் கள்வனை என்ன செய்வது? நூலை எரித்துவிடலாமா? படத்தைப் பார்க்காமல் இருக்கலாமா? வேண்டியதில்லை. மலைக்கள்ளனை நாம் இன்னும் விரும்புகிறோம். பாக்கைப் பிளந்த குறும்பை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. வலியவனின் பூட்டை எளியவனின் மூளை திறக்கும் கதைகள் நமக்கு வேண்டும், என்றும் வேண்டும். ஆனால் திறந்த கதவின் வழியே யார் உள்ளே போனார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்காத அன்பு, குருட்டு அன்பு. கடவுளிடம் குருட்டு அன்பு கூடாது என்று பேசுகிற நாம், கதைத்தலைவனிடம் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாமா? இயக்கத்தலைவனிடம் வைத்துக்கொள்ளலாமா? நம்மிடமே வைத்துக்கொள்ளலாமா?

சென்ற கோடையிலே ஒரு மாலை, தோழர்களோடு கொள்ளிடக் கரையிலே நின்றோம். ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. ஒரு பக்கம் திருவரங்கத்து இராசகோபுரம். 1987இல் முடிக்கப்பட்டது, 236 அடி உயரம். அதைக் கட்டி முடித்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் சிலவற்றைச் சொல்லலாம். கல் ஏற்றியவர்களின் பெயர்களைக் கேட்டால் மணலைத்தான் பார்க்கவேண்டும்.

இளந்தோழர்களே! உங்களுக்குப் பிடித்த கதையை மீண்டும் படியுங்கள். தனியே படியாதீர்கள், சேர்ந்து படியுங்கள். அந்தக் கூட்டத்திலே கல் சுமந்தவன் ஒருவனாவது இருக்கட்டும்; அவனுக்குப் பேச இடம் கொடுங்கள். தலைவன் எப்படித் தப்பினான் என்பதை ஒரு முறை படித்தாயிற்று. இனிப் படகிலே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணுங்கள்.

திருக்கண்ணங்குடியின் வழக்கு தீரவில்லை என்கிறார்கள். கொள்ளிடத்து வழக்கோ இன்னும் தொடுக்கப்படவே இல்லை!